பிளக்ஸில் அச்சான மூன்றே முக்கால் மணி நேரம்

மாலை ஐந்து மணி பத்து நிமிடம். எங்கள் ஊர் அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. பிளக்ஸ் கடை அண்ணாச்சி வாட்ஸப்பில் ஒரு ப்ரூஃப் படம் அனுப்பிவிட்டு, கையோடு எனக்குப் போனும் செய்தார். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஐந்து பத்து என்ற நேரமும் இருக்கிறது.

என் மகள் சங்கரி திருவேங்கடம் ரோட்டில் விழுந்தது கார்த்திகை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. விசாரிக்கிறவர்கள் எல்லோரும் அந்த ஏழு மணியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். காலையில் சாப்பிட்டாளா, ஷூ புதுசா, ரோடு ஈரமாக இருந்ததா என்று. நான் ஐந்து பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பெற்றவள் ஏதோ புலம்புகிறாள் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

நீங்கள் அப்படி நினைக்கக் கூடாது. நீங்கள் புதிதாக விளையாட்டு ஆசிரியர் வேலைக்கு வந்தவர்கள். சிலர் மாரத்தான் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் தொடங்கியிருக்கிறீர்கள். நான் இருபத்தாறு வருடம் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து, முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கியவள். கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். அடங்குவதாக இல்லை.

அண்ணாச்சியின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ கருமாதியோ, ப்ரூஃபைப் பார்த்து "ஓகே" என்று எழுத்தில் போட்டால்தான் அச்சுக்குப் போவார். ஒரு தடவை மாப்பிள்ளைப் படத்துக்குக் கீழே மாமனார் பெயரை அடித்து, கல்யாண வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அதற்குப் பிறகு எழுத்து எழுத்தாகக் கேட்பார். எங்கள் ஊர் ஓட்டக் குழு தபசுக்கு ஒரு பிளக்ஸ் வைக்க முடிவு செய்திருந்தது. மேலே, தபசுக் காட்சி காண வரும் பக்தர்களுக்கு வரவேற்பு. கீழே, ஜனவரியில் சென்னையில் மாரத்தான் ஓடப்போகும் எங்கள் ஊர்க்காரர்கள் ஆறு பேரின் படம். அதில் சங்கரியும் ஒருத்தி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே "இலக்கு" என்று ஒரு நேரம். ஆலோசகர் என்று ஓரத்தில் என் படமும் இருந்தது. அதனால்தான் என்னிடம் ஓகே கேட்டார்.

"பேரெல்லாம் சரிதான் அண்ணாச்சி" என்றேன்.

"பேரு கெடக்கட்டும் டீச்சர். பாப்பா படத்துக்குக் கீழ மூணே முக்கால் மணி நேரம்னு தந்திருக்காவ. அது சரிதானா? காலைல சுகருக்கு கிரவுண்டுல நடக்கேம்லா, பாப்பா ஓடுதத தெனமும் பாக்கேன். அதான் கேக்கேன்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றே முக்கால் சரியில்லை என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

"குழுல முடிவு பண்ணினது அண்ணாச்சி. போடுங்க."

"அப்பச் சரி. ஒரு ஓகே மட்டும் தட்டி விட்டுருங்க."

தட்டிவிட்டேன்.

இதற்கு மேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சங்கரிக்கு வயது இருபத்து நான்கு. பி.காம் முடித்துவிட்டு தென்காசியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறாள். ஆனி மாதக் கடைசியில் பத்து கிலோமீட்டரை ஐம்பத்தெட்டு நிமிடத்தில் ஓடினாள். நான்தான் வாட்ச் பிடித்தேன். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி. முடித்ததும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றாள். அவள் உடம்பில் அன்றைக்கு இருந்தது அவ்வளவுதான். அந்தக் கணக்குக்கு, நல்லபடியாகப் பயிற்சி செய்தால் முழு மாரத்தானை நாலரை மணி நேரத்தில் முடிக்கலாம். முதல் மாரத்தானுக்கு அது தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய நேரம்.

மூன்றே முக்கால் எங்கிருந்து வந்தது? பக்கத்து ஊர்க் குழுவில் ஒரு பெண் மூன்று மணி ஐம்பது நிமிடத்தில் ஓடியிருந்தாள். எங்கள் குழுவின் தலைவர் ஜவுளி வியாபாரம் செய்கிறவர். ஓடமாட்டார், வேகமாக நடப்பார். கையில் விலை உயர்ந்த ஓட்ட வாட்ச் கட்டியிருப்பார். "அவ்வோ பிள்ள மூணு அம்பதுன்னா நம்ம பிள்ள மூணே முக்கால். இதுல என்ன யோசன?" என்று கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். என் மகளும் சிரித்துக்கொண்டே தட்டினாள். ஒரு பெண்ணின் எலும்பும் தசையும் நுரையீரலும் அந்த ஒரு நிமிடத்தில் பேரம் பேசி முடிக்கப்பட்டன. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் அவளுடைய ஐம்பத்தெட்டு நிமிடத்தைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றே முக்கால் மணி நேரத்தில் நாற்பத்திரண்டு கிலோமீட்டரை முடிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஐந்து நிமிடம் இருபது விநாடியில் ஓட வேண்டும். பத்து கிலோமீட்டரையே ஐந்து நாற்பத்தெட்டில் ஓடிக் குனிந்து நின்றவளை, அதைப்போல நாலு மடங்கு தூரம், அதைவிட வேகமாக ஓடச் சொன்னோம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆறாம் வகுப்புக் கணக்கு போதும்.

பயிற்சிக்குக் குழு ஒரு இளைஞரை வைத்திருந்தது. பிரவீன் என்று பெயர். உங்கள் வயதுதான். நல்ல பையன், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவரிடம் ஓர் எக்செல் இருந்தது. முதல் கட்டத்தில் இலக்கு நேரத்தைப் போட்டால், சுலப ஓட்டம், வேக ஓட்டம், நீண்ட ஓட்டம் என்று எல்லாவற்றுக்கும் வேகம் தானாக வந்து விழும். சங்கரிக்கு அவர் மூன்றே முக்காலைப் போட்டார். சுலப ஓட்டத்துக்கு ஆறு நிமிடம் பத்து விநாடி என்று வந்தது. அவளுக்குச் சுலபம் என்பது ஏழு நிமிடம். களைத்திருக்கும் நாளில் ஏழே கால். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். ஆறு பத்து என்பது அவளுக்கு மூச்சுவாங்க ஓடும் வேகம். ஆக, ஓய்வுக்காக வைத்த ஓட்டம் ஒவ்வொன்றும் அவளுக்குப் போட்டியாகவே ஆனது. வாரத்தில் ஐந்து நாள், நான்கு மாதம்.

அந்த எக்செல்லில் இன்றைய நேரத்தைப் போட ஒரு கட்டமே கிடையாது. இலக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லும். எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. பயிற்சி வேகத்தை, அவள் இன்றைக்கு ஓடிக் காட்டிய நேரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி ஓடவிட்டுப் பார்த்து, முன்னேறியிருந்தால் மாற்ற வேண்டும். இது பயிற்சியின் அரிச்சுவடி. எனக்குத் தெரிந்த அரிச்சுவடி.

தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்பீர்கள். சும்மா இருக்கவில்லை. புரட்டாசியில் ஒரு கூட்டத்தில் சொன்னேன். அதற்குள் அடையாளங்கள் வரத் தொடங்கியிருந்தன. முன்பெல்லாம் ஓடிவிட்டு வந்தால் ஷூவைக் கழற்றிக்கொண்டே ஆபீஸ் கதை முழுக்கச் சொல்லுவாள். இப்போது படியில் உட்கார்ந்து லேஸை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயிலில் தூங்கி ஒரு நாள் தென்காசியையே தாண்டிவிட்டதாகச் சொன்னாள். இரண்டு மாதமாகத் தீட்டு வரவில்லை. பெண் பிள்ளைகளை ஓடவிடுகிறவர்கள் இதைக் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண் பயிற்சியாளர் என்றால் ஒரு டீச்சரை வைத்தாவது கேளுங்கள். அது உடம்பு அடிக்கிற விசில்.

இதையெல்லாம் முழுக்கச் சொல்ல முடியாது என்பதால், வேகத்தைக் குறைக்க வேண்டும், அவள் அளவுக்கு மீறி ஓடுகிறாள் என்று மட்டும் கூட்டத்தில் சொன்னேன். பிரவீன் எக்செல்லைத் திறந்து காட்டினார். தலைவர் என்னைப் பார்த்துப் புன்னகையோடு கேட்டார்:

"டீச்சர், நீங்க இப்ப அம்மாவா பேசுதியளா, கோச்சா பேசுதியளா?"

எல்லோரும் சிரித்தார்கள். கேலியாகக்கூட இல்லை, பாசமாகத்தான் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் எனக்கே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பயப்படுகிறவள் அம்மாதானே, கோச் பயப்படலாமா என்று நினைத்துவிட்டேன். இருபத்தாறு வருட வேலையில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் பெற்ற வயிற்றின் பதற்றமாகிவிட்டது. இன்றைக்கு அந்தக் கேள்வியை யாராவது கேட்டால், இரண்டு பேரும்தான் பேசுகிறோம், இரண்டு பேரும் ஒன்றையேதான் சொல்லுகிறோம் என்பேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

வீட்டில் சங்கரியிடம் சொல்லிப் பார்த்தேன். நாலரைக்கு ஓடு, யாருக்கும் நீ பதில் சொல்ல வேண்டாம் என்றேன். அவள் சண்டை போடவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"எம்மா, தபசுக்கு வந்த அம்புட்டு சனமும் அதப் பாத்துட்டு. எங்க ஆபீஸ்ல கூட போட்டோ எடுத்து வச்சிருக்காவ. ரயில்ல ஒருத்தர் என்னப் பாத்து, மூணே முக்காலான்னு கேக்காரு, என் பேரு கூடத் தெரியாது அவருக்கு. இப்பப் போயி நாலரைன்னு எப்பிடிச் சொல்லுவேன்? அதுக்கு ஓடாமலே இருந்துரலாம்."

அந்த பிளக்ஸ் ரத வீதி முனையில் அப்போதும் நின்றிருந்தது. தபசு முடிந்து இரண்டு மாதமாகியும் தலைவர் அதை எடுக்கவில்லை. பஸ் ஏறப் போனாலும் பூ வாங்கப் போனாலும், சிரித்துக்கொண்டிருக்கும் தன் முகத்தையும் அதன் கீழே இருந்த நேரத்தையும் அவள் பார்க்க வேண்டியிருந்தது. ஊர் பார்த்துவிட்ட எண்ணைக் குறைத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் தோற்பதைவிடக் கேவலம். இதைத் தெரிந்துகொண்டே நாங்கள் ஓர் இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் கழுத்தில் அதைத் தொங்கவிட்டோம்.

இங்கே என் பழைய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு பெண் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவாள். மண்டலப் போட்டியில் முந்தைய வருடம் ஜெயித்த நேரத்தை எடுத்து, அதைச் சுற்றுக்கணக்கில் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் அவளுக்கு நேரம் வைத்தேன். ஒவ்வொரு சுற்றிலும், ஏழு செகண்டு லேட், ஒன்பது செகண்டு லேட் என்று கத்துவேன். தினமும் மைதான ஓரத்தில் வாந்தி எடுத்தாள். இரண்டு மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். மனசு இல்லாத பிள்ளை என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். பதினைந்து வருடம் கழித்து பஸ்ஸில் பார்த்தேன். கையில் குழந்தை. ரொம்ப மரியாதையாக எழுந்து இடம் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், நான் அப்ப எவ்வளவு நேரத்துல ஓடுனேன்? எத்தன செகண்டு லேட்டுன்னுதான் சொல்லுவிய. நான் ஓடுன டைம நீங்க ஒரு நாளும் சொல்லவே இல்லயே."

எனக்குத் தெரியவில்லை. நான் எழுதி வைக்கவே இல்லை. அவளிடம் இல்லாத விநாடிகளை மட்டும்தான் எழுதி வைத்திருந்தேன். அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் என் நோட்டு மாறியது. ஆனால் பாருங்கள், அடுத்தவர் பிள்ளையிடம் கற்றுக்கொண்ட பாடத்தை என் பிள்ளைக்கு வேண்டிய நேரத்தில் வெளியே எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பது கிலோமீட்டர் வைத்திருந்தார்கள். திருவேங்கடம் ரோட்டில் பதினைந்து போய், பதினைந்து திரும்ப வேண்டும். முதல் இருபத்திரண்டு, சுலபம் என்று எழுதியிருந்த அந்த ஆறு பத்தில். கடைசி எட்டு, ஐந்து இருபதில். பிரவீன் பைக்கில் பக்கத்திலேயே வந்தார். நான் ஸ்கூட்டரில் தண்ணீர் பாட்டிலும் கடலை மிட்டாயும் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். முந்தின நாள் மழை. கரிசல் காடு இரண்டு பக்கமும் கறுத்துக் கிடந்தது.

இருபத்து மூன்றாவது கிலோமீட்டரில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. கேட்டது என்பதைவிட, ஒரு சத்தம் குறைந்தது. இருபத்தாறு வருடம் பிள்ளைகளின் கால் சத்தத்தைக் கேட்டவள் நான். அவள் வலது கால் தரையில் முழுதாக நின்று எழும்பியது. இடது கால் சுட்டதுபோலத் தொட்டுவிட்டு ஓடியது. நான் ஹாரன் அடித்தேன். பிரவீன், "அஞ்சு இருபத்தஞ்சு, அஞ்சு செகண்டு விட்டுட்ட, பிடி, பிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பிடித்தாள். ஸ்கூட்டரை முன்னால் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தலாம் என்று வேகமெடுத்தேன். அதற்குள் இடது கால் அவளை விட்டுவிட்டது. ஏழு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது.

இடது கையை ரோட்டில் ஊன்றி, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். அழவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"கிராம்ப்தான் மேடம். நீட்டி மடக்குனா விட்டுரும்" என்று பிரவீன் காலைப் பிடிக்கக் குனிந்தார். பின்னால் வந்த டவுன் பஸ் நின்றது. களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, சுளுக்குதான், ஒரு இழுப்பு இழுத்தால் எழுந்து ஓடும் என்றார். இன்னொருவர் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றார்.

எல்லோரும் உதவி செய்யத்தான் வந்தார்கள். அதுதான் ஆபத்து. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு மூன்று கேள்வி கேட்டேன்.

"மக்கா, எங்கன வலிக்கி?"

"இடுப்புக்குள்ள. தொடை ஆரம்பிக்குத எடத்துல."

"எம்புட்டு நாளா?"

கண்ணை மூடிக்கொண்டாள். "மூணு வாரமா."

"படுத்திருக்கும்போதும் வலிக்குமா?"

"ஆமாம்மா."

தசைப் பிடிப்பு மூன்று வாரம் இருக்காது. படுத்திருக்கும்போது வலிப்பது எலும்பு. நான் எழுந்து நின்று, ஒருத்தரும் அவள் காலைத் தொடக்கூடாது, ஆம்புலன்ஸ் வந்து படுத்தவாக்கில் தூக்கினால்தான் இங்கிருந்து கிளம்புவாள் என்றேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஈர ரோட்டில் பெற்ற பிள்ளையைக் கிடத்திக்கொண்டு நாற்பது நிமிடம் நிற்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல முடியாது. "என்ன பொம்பள இது, கல்லு நெஞ்சு" என்று பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. பிரவீனே இரண்டு தடவை, "மேடம், சும்மா எந்திச்சு நின்னு பாக்கட்டுமே" என்றார். சுளுக்கு எடுப்பவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கோச்சாக நிற்கிறாயா அம்மாவாக நிற்கிறாயா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

களை எடுக்க வந்த ஒரு அம்மா தன் சும்மாட்டுத் துணியை மடித்து அவள் தலைக்குக் கீழே வைத்தாள். குனிந்தவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்: "ஏட்டி, இது தபசு பிளக்ஸ்ல சிரிச்சிட்டு நின்ன பிள்ளைல்லா?"

அதுவரைக்கும் அழாமல் கிடந்த என் மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

திருநெல்வேலியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல். எலும்பு இன்னும் விலகவில்லை. நடக்கவைத்திருந்தாலோ இழுத்துவிட்டிருந்தாலோ விலகியிருக்கும், பிறகு இந்த வயதில் மூட்டையே மாற்ற வேண்டி வந்திருக்கும் என்றார். அன்றைக்கே மூன்று திருகாணி வைத்தார்கள். ஆறு வாரம் இடது பாதம் தரையில் படக்கூடாது. அதற்குப் பிறகுதான் எப்படி நடப்பாள் என்பதே தெரியும். ஓடுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. தீட்டு வந்து நான்கு மாதமாயிற்று என்றதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுப்பது யார் என்று கேட்டார். ஆலோசகர் நான்தான் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. குழுவின் வாட்ஸப்பில் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. மறுநாளே, அடுத்த வார ஓட்டம் எத்தனை மணிக்கு என்று பேச்சு மாறிவிட்டது. தலைவர் போனில் பேசினார். பாப்பா சாப்பிடாமல் வந்துவிட்டாள் போல என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, தபசுக் கூட்டம் மொத்தமும் பார்த்த படம், கண் பட்டிருக்கும், வீட்டுக்கு வந்ததும் சுற்றிப் போடுங்கள் என்றார். கண் பட்டதாம். படத்தை ஏற்றியவர்கள் நாம், நேரத்தை எழுதியவர்கள் நாம், எலும்பு நான்கு மாதமாகச் சொன்னதைக் கேட்காதவர்கள் நாம். பழி மட்டும் அம்மனைப் பார்க்க வந்த சனத்தின் கண்ணுக்கு. நான் போனை வைத்துவிட்டேன். வாழ்க்கையில் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் பிரவீன் ஒரு புது எக்செல் அனுப்பினார். குணமடைந்து மறுபடி ஓடுவதற்கான திட்டம். ராத்திரி கண் விழித்து நல்ல மனதோடு செய்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. முதல் கட்டத்தில், வருகிற ஜனவரியை விட்டு அதற்கும் அடுத்த வருட ஜனவரி என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இலக்கு: மூன்றே முக்கால்.

அவர்மேல் எனக்குக் கோபம் குறைவு. இன்றைக்கு எவ்வளவு ஓடுகிறாள் என்று அவர் கேட்கவில்லை, யாரும் அவரைக் கேட்கவைக்கவும் இல்லை. நீங்கள் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு வேகம் எழுதுவதற்கு முன்னால், அவள் போன வாரம் ஓடிய நேரம் என்ன என்று கேளுங்கள். தெரியாது என்றால் ஓடவிட்டுப் பாருங்கள். கைதட்டலில் வந்த எண்ணைத் தாளில் எழுதாதீர்கள். உங்கள் வயிற்றில் பயம் எழுந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று யாரோ சிரித்துக்கொண்டே கேட்பதற்காக அதை விழுங்காதீர்கள். நான் விழுங்கியதை மூன்று திருகாணியாக என் மகள் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

தலைவர் வரவில்லை. கைதட்டிய கூட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. திருநெல்வேலி தூரம்தான், மாரத்தானுக்குச் சென்னை போகத் தயாராக இருந்தவர்களுக்கும் தூரம்.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு வார்டு வாசலில் பிளக்ஸ் கடை அண்ணாச்சி நின்றார். பஸ்ஸில் வந்திருக்கிறார். வெயிலில் சட்டை நனைந்திருந்தது. ஒரு கையில் ஆரஞ்சுப் பை. இன்னொரு கையில் கயிறு போட்டுக் கட்டிய நீளச் சுருள். ஆர்டர் கொடுத்தவர் சொல்லாமல் ஒரு பிளக்ஸையும் அவர் கழற்றமாட்டார், அது அவருடைய இன்னொரு வழக்கம். இதை மட்டும் யாரையும் கேட்காமல், கடை ஆளை மேலே ஏற்றி, ரத வீதி முனையிலிருந்து அன்று காலையில்தான் கழற்றியிருந்தார்.

"இது இனி அங்கன நிக்க வேண்டாம்னு தோணிச்சு பாப்பா" என்று அந்தச் சுருளைச் சங்கரியின் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தார். அவள் கட்டிலைப் பிடித்துக் குனிந்து அதைப் பார்த்தாள். அண்ணாச்சி நாற்காலியில் உட்காரவில்லை. வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி என்னிடம் திரும்பினார்.

"டீச்சர், அன்னைக்கு போன்ல நான் டைம் சரிதானான்னு கேட்டப்ப, நீங்க பதில் சொல்லாம கொஞ்ச நேரம் நின்னிய. எனக்கு அது வெளங்கிச்சு. நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்."